ஆறு காட்டும் வழி

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் இரு பொருள் தரும். நீர் ஓடும் நதியும் ஆறு. மனிதர் செல்லும் வழியும் ஆறு. பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்ப்பட்ட மற்றொரு கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்துவதாகப் பாடிய நூல்களை ‘ஆற்றுப்படை’ என்று பழந்தமிழர் அழைத்தனர். நதியையே வழியாகக் கொண்டு பயணஞ் செய்வோருக்கு இவ்விரு பொருளும் ஒன்றாகி விடுகின்றன.

இலங்கையின் மத்திய மலைநாட்டில் அத்தகைய நதிவழி ஒன்று உண்டு. ஹோட்டன் சமவெளியில் ஊற்றெடுக்கும் அக்ரா ஓயா, டயகம, அக்கரப்பத்தனை ஆகிய தேயிலைப் பகுதிகளினூடாக இறங்கித் தலவாக்கலையை அடைகின்றது. பின்னர் கொத்மலை ஓயா என்னும் பெயரோடு ஆழ்ந்த பள்ளத்தாக்கிற் பாய்ந்து, நாவலப்பிட்டிக்கும் கம்பளைக்கும் இடையே மகாவலி கங்கையோடு கலக்கின்றது. 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் விழும் மகாவலியே இலங்கையின் மிக நீண்ட நதியாகும். அதன் மேற்பகுதியை, டயகமவிலிருந்து பேராதனை வரையில், இரு நண்பர் துவிச்சக்கர வண்டியில் மூன்று நாட்களிற் கடக்கலாம். அவ்வழி எத்தகையது, அதற்கு வேண்டிய ஆயத்தங்கள் யாவை, அவ்வழியே சென்றவர் எதனை அறிந்து மீள்வர் என்பனவற்றை இங்கு நோக்குவோம்.

நதியோரமாகச் சைக்கிளிற் செல்வது உலகிற் பல நாடுகளில் வழக்கமாகிவிட்ட ஒரு பயணமுறை. ஜேர்மனியின் பாசௌ நகரிலிருந்து ஒஸ்திரியாவின் வியன்னா நகர் வரையில் தன்யூப் நதியோரம் செல்லும் பாதை இவற்றுட் பெயர் பெற்றது. முற்காலத்திற் படகுகளை நீரோட்டத்திற்கு எதிராகக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்துச் சென்றன. அக்குதிரைகள் நடந்த கரைப்பாதைகளே இன்று அங்கே சைக்கிட் பாதைகளாக அமைந்துள்ளன. ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வழியில் நதி 150 மீற்றருக்கும் குறைவாகவே தாழ்கின்றது. சிறுவரும் முதியோரும் அங்கே மூச்சுத் திணறாமற் செல்லலாம்.

கொத்மலை ஓயாவின் இயல்பு இதற்கு முற்றும் மாறானது. டயகமவிலிருந்து கம்பளைக்கு வருவதற்குள், நூறு கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில், நிலம் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் தாழ்ந்து விடுகின்றது. இந்நதியில் எக்காலத்தும் படகு சென்றதில்லை. ஆகவே கரைப்பாதையும் இல்லை. இங்குள்ள சாலைகள் நதிக்காக அமைந்தவை அல்ல. முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் அமைந்தவை. மலையிலிருந்து விளைபொருளை இறக்குவதும், மலைக்கு அரிசியையும் ஆட்களையும் ஏற்றுவதுமே அவற்றின் நோக்கமாயிருந்தன. மலைச்சரிவைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் அச்சாலைகள் நதியைச் சில இடங்களில் தொட்டும், பல இடங்களிற் பல நூறு அடி உயரத்தில் நின்று நோக்கியும் செல்கின்றன.

இதிலிருந்து புதியோர் அறியாத ஓர் உண்மை பெறப்படும். நதி எப்பொழுதும் இறங்கியே செல்லும். நதியைத் தொடரும் சாலையோ ஏறியும் இறங்கியும் செல்லும். பக்கத்து மலைகளிலிருந்து வந்து விழும் ஒவ்வொரு சிற்றோடையும் சரிவில் ஒரு வெட்டை உண்டாக்கியிருக்கின்றது. அவ்வெட்டின் உட்புறம் வரை சென்று, சிறு பாலத்தைக் கடந்து, மீண்டும் வெளிப்புறம் ஏறி வருவதே மலைச்சாலையின் போக்கு. கீழ்நோக்கிச் செல்லும் பயணந்தானே, மிதிக்க வேண்டிய தேவை இராது என்று எண்ணிப் புறப்படுவோர் முதல் நாள் நண்பகலுக்குள் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்வர்.

ஆயத்தங்களைப் பொறுத்தவரை முதலிற் கருத வேண்டியது காலம். மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இச்சரிவுகளிற் பெருமழை பொழியும். ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிற் பிற்பகலில் இடியும் மழையும் சேர்ந்து வரும். தை பிறந்தபின் பங்குனி வரையுள்ள மாதங்களே இப்பயணத்துக்கு ஏற்றவை. அப்பொழுதும் காலையிற் குளிர் கடுமையாயிருக்கும்; மூடுபனி சாலையை மறைக்கும். ஆகவே கம்பளிச் சட்டையும், மழைக்கு ஓர் அங்கியும் இன்றியமையாதவை.

இரண்டாவது, வண்டி. பல பற்சக்கரங்களைக் கொண்ட கியர் வண்டியாயின் நன்று. சாதாரண வண்டியாயின், ஏற்றங்களில் இறங்கித் தள்ளிச் செல்லச் சித்தமாயிருத்தல் வேண்டும். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. சுமையைத் தோளிற் சுமவாமற் பின்புறக் கரியரில் தாழ்வாகக் கட்டுதல் வேண்டும். மேலதிக டியூப் இரண்டு, ஒட்டுப் போடும் பொருள்கள், காற்றடிக்கும் பம்பு, பிரேக் கட்டைகள் ஒரு சோடி என்பன வழியில் எளிதாகக் கிடைப்பனவல்ல. கையோடு கொண்டு செல்ல வேண்டியவை.

இவை யாவற்றிலும் முக்கியமானது பிரேக். அதன் தொழிலைச் சற்று விளங்கிக் கொள்ளுதல் நலம். மனிதனும் வண்டியும் சுமையுமாக 90 கிலோகிராம் எடை என்று கொள்வோம். அவ்வெடை 490 மீற்றர் உயரத்திலிருந்து மெல்ல மெல்ல இறங்கும்பொழுது வெளிப்படும் சக்தி, ஒன்றேகால் லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இருவர் தேநீருக்கு வேண்டியதைக் காட்டிலும் அது அதிகம். அச்சக்தியில் ஒரு பகுதியைக் காற்று தடுத்து ஏற்கின்றது; எஞ்சியதனை எல்லாம் பிரேக் கட்டையும் சக்கர விளிம்புமே வெப்பமாக ஏற்க வேண்டும். நெடுந்தூரம் பிரேக்கை விடாது அழுத்திக்கொண்டே இறங்கினால் விளிம்பு சூடேறி, உள்ளிருக்கும் டியூப் வெடித்தலும் கூடும். ஆகவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வளைவில் விடுத்து, இடையிடையே நின்று விளிம்பைக் குளிர விடுதல் அறிவுடைமை. வேகம் இருமடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பதும், மழையில் நனைந்த விளிம்பைக் கட்டைகள் துடைத்த பின்னரே பிரேக் பிடிக்கும் என்பதும் மறக்கத்தகாதவை.

மூன்றாவது, துணை. நண்பர் இருவர் சேர்ந்து செல்வதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஏற்றத்தில் வலிமை குறைந்தவர் முன்னே செல்ல, வலிமை மிக்கவர் பின்னே வருதல் வேண்டும். இல்லையேல் முன்னவர் உச்சியில் நின்று இளைப்பாறிக் கொண்டிருக்க, பின்னவர் இளைப்போடு வந்து சேரும் அவ்வேளையிலேயே மீண்டும் புறப்பட நேரும். இறக்கத்தில் இருவருக்கும் இடையே இருபது முப்பது மீற்றர் இடைவெளி இருத்தல் நன்று. ஒவ்வொரு சந்தியிலும் பாலத்திலும் முன்னவர் காத்திருத்தல் வேண்டும். இச்சிறு ஒழுங்குகளைக் கைக்கொண்டோர் நட்போடு திரும்புவர். கைவிட்டோர் முதல் நாள் மாலையே ஒருவரோடொருவர் பேசாதிருப்பர்.

முதல் நாட் பயணம் டயகமவிலிருந்து தலவாக்கலை வரையில். டயகமவுக்கு மேலே கறுத்துத் தோன்றும் காடு, ஹோட்டன் சமவெளியின் எல்லையாகும். 1988 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட அச்சமவெளி, மத்திய மலைநாட்டின் ஏனைய காப்புக் காடுகளோடு 2010 ஆம் ஆண்டு உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது. மகாவலிக்கு மட்டுமன்றிக் களனி கங்கைக்கும் வளவை கங்கைக்கும் அச்சமவெளியிலிருந்து நீர் செல்கின்றது. அங்குள்ள குறுகிய மரங்கள் பாசி போர்த்து நிற்பவை. மழை இல்லாத நாட்களிலும் மேகம் அவற்றினூடே தவழ்ந்து செல்லும்பொழுது, இலையிலும் பாசியிலும் நீர்த்துளிகள் படிந்து சொட்டுகின்றன. அந்நீரை மண் பஞ்சு போல ஏற்று வைத்திருந்து, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றது. கோடையிலும் நதி வற்றாதிருப்பதன் இரகசியம் இதுவே.

இக்காடு ஒரு காலத்தில் இன்னும் கீழே பரந்திருந்தது. 19 ஆம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிருக்காக மலைகள் வெட்டி வெளியாக்கப்பட்டன. 1869 ஆம் ஆண்டு தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிய, அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. தாவரவியலறிஞர் சேர் ஜோசப் ஹூக்கர் 1873 இல் வழங்கிய ஆலோசனையை ஒட்டி, 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைக் காக்கும் கொள்கை உருவாயிற்று. நதியின் தலைமாட்டில் இன்று காடு எஞ்சியிருப்பதற்கு அக்கொள்கையும் ஒரு காரணம்.

காட்டின் எல்லையைக் கடந்தவுடன் கொழுந்து மலைகள் தொடங்குகின்றன. சைக்கிளிற் செல்பவர் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தேயிலை நிரைகளுக்கு இடையே, சரிவுக்குக் குறுக்காக, ஓர் அடிக்கு மேல் ஆழமான வாய்க்கால்கள் ஓடுகின்றன. தோட்டத்து மக்கள் இவற்றைக் ‘கான்’ என்பர். மழைநீர் சரிவில் நேரே பாய்ந்து மண்ணை அள்ளிச் செல்லாதபடி, அதனை மறித்து மெல்ல நடத்தி ஓடையிற் சேர்ப்பது கானின் வேலை. கான் தூர்ந்தால் மண் ஓடும். மண் ஓடினால் வேர் வெளிப்படும். வெளிப்பட்ட வேரில் தேயிலை நில்லாது. கான் வெட்டுதலும் அதனைத் துப்புரவு செய்தலும் தோட்டத் தொழிலில் மிகக் கடினமான வேலைகளுட் சேர்ந்தவை. தலவாக்கலைக்கு அருகே சென் கூம்ஸ் தோட்டத்தில், 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் மண்காப்பு முறைகளை விஞ்ஞான முறையில் ஆராய்ந்து வந்துள்ளது. ஆனால் அம்முறைகளை நிலத்திற் பொறித்தவை மண்வெட்டி பிடித்த கைகளே.

அக்கரப்பத்தனையையும் லிந்துலையையும் ஒட்டிச் செல்லும் சாலையில், லயங்களின் வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்போருக்குத் தேத்தண்ணீரே கிடைக்கும். “தம்பிமார் எங்கிருந்து வாறீங்க?” என்னும் வினாவும் உடன் வரும். நதியைத் தொடர்ந்து செல்கின்றோம் என்று விடை கூறினால், அங்குள்ள முதியோர் வியப்புறுவதில்லை. அவர்தம் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து, கரையிறங்கிய இடத்திலிருந்து காட்டு வழியே கால்நடையாக இம்மலைகளை அடைந்தவர்கள். நெடுவழி என்பது அவர்களுக்குக் குடும்ப வரலாறு.

இரண்டாம் நாட் காலையில், நேர்வழியை விட்டு ஹற்றன் சாலையில் மூன்று கிலோமீற்றர் சென்று மீளுதல் தகும். சென் கிளயர் நீர்வீழ்ச்சி அங்கேதான் உள்ளது. 80 மீற்றர் உயரமும் 50 மீற்றர் அகலமும் கொண்டு, படிப்படியாக விழும் அந்நீர்வீழ்ச்சியை ‘இலங்கையின் சின்ன நயாகரா’ என்று கூறுவர். எனினும் இன்று அங்கே விழுவது நதியின் முழு நீரும் அன்று. அதற்குக் காரணம் தலவாக்கலை நகரின் ஓரத்திலேயே காணப்படும்.

2012 ஆம் ஆண்டு தொழிற்படத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் அணை, தலவாக்கலையில் நதியை மறித்து நிற்கின்றது. 35.5 மீற்றர் உயரமும் 180 மீற்றர் நீளமும் உடைய அவ்வணையிலிருந்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கக் குழாய் மலையைக் குடைந்து செல்கின்றது. நீர் அதன் வழியே சென்று, நியங்கந்தொரவில் நிலத்தின் கீழ் அமைந்த நிலையத்திற் சுழலிகளைச் சுழற்றி, 150 மெகாவாற்று மின்வலு தருகின்றது. அணையின் நீர்மட்டத்துக்கும், கீழே கொத்மலை நீர்த்தேக்கத்தின் மட்டத்துக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 490 மீற்றர். சைக்கிள் இறங்குவதாக மேலே கணக்கிட்ட உயரம் இதுவே.

இங்கே நண்பர் இருவரும் தம் வண்டியின் பிரேக்கை நினைவுகூர்தல் வேண்டும். சைக்கிள் இறங்கும்பொழுது வீணே வெப்பமாய்ப் போகும் அதே சக்திதான் சுழலியில் மின்சாரமாகின்றது. சைக்கிளின் முன்சக்கரத்தோடு உரசிச் சுழலும் சிறு டைனமோ, மூன்று வாற்று விளக்கு ஒன்றினை எரிக்கின்றது. அதன் பேருருவமே மலைக்குள் மறைந்திருக்கும் அம்மின்னிலையம். ஒரு கன மீற்றர் நீர் அவ்வளவு உயரம் இறங்கினால், வழியில் ஏற்படும் இழப்புப் போக, ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம் கிடைக்கும். அருவியில் வெண்ணுரையாய்ச் சிதறிய சக்தியே கொழும்பிலும் கண்டியிலும் விளக்காய் எரிகின்றது.

ஆயினும் இச்சக்தி விலையின்றி வந்ததன்று. இத்திட்டம் நிறைவேறினால் நீர்வீழ்ச்சிகள் வறண்டு போகும் என்று மலையக மக்களும் சுற்றாடல் ஆர்வலரும் நெடுங்காலம் எதிர்த்தனர். இறுதியில் திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்குப் பகற்பொழுதில் ஒரு குறித்த அளவு நீரை விடுவதென்றும் முடிவாயிற்று. அணைக்காகத் தலவாக்கலையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்து, புதிய வீடுகளிற் குடியேறின. அருவி வேண்டுமா, விளக்கு வேண்டுமா என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் அரிது. அருவியின் முன்னே நின்று அதன் மெலிவைக் கண்டவர், அன்றிரவு தம் அறையில் விளக்கை ஏற்றும்பொழுது இவ்வினாவை மறத்தல் இயலாது. அதுவே இப்பயணத்தின் பயன்களுள் ஒன்று.

தலவாக்கலைக்கு மீண்டு, வட்டகொடை வழியாகப் பூண்டுலோயாவை நோக்கிச் செல்வது இரண்டாம் நாளின் எஞ்சிய வேலை. இடையே வரும் மடக்கும்புரத் தோட்டம், மலையக இலக்கிய முன்னோடியான சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) பிறந்த இடமாகும். தோட்டப் பாடசாலையும் வாக்குரிமையும் எட்டாதிருந்த மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர் அவர். கொழுந்து மலையிலும் லயத்திலும் வழங்கிய நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தளித்தவரும் அவரே.

பூண்டுலோயாவைக் கடந்த சாலை நெளிந்து இறங்கித் தவலந்தென்னவிற் கண்டி–நுவரெலியாப் பெருஞ்சாலையோடு சேர்கின்றது. ‘தவலம்’ என்பது பொதிமாட்டுக் கூட்டத்தையும், ‘தென்ன’ என்பது சமதரையையும் குறிக்கும் சிங்களச் சொற்கள். சக்கரங்கள் வருவதற்கு முன்னர், உப்பும் கருவாடும் ஏற்றி மலையேறிய பொதிமாடுகள் இத்தகைய இடங்களில் இளைப்பாறின. இன்று அவ்வூரின் தேநீர்க் கடையில் இறங்கி, ரொட்டியும் கட்டச் சம்பலும் உண்ணும் சைக்கிட் பயணிகள் பழைய வழக்கத்தையே தொடர்கின்றனர் எனலாம்.

இங்கிருந்து கீழே நோக்கினாற் கொத்மலை நீர்த்தேக்கம் தோன்றும். 87 மீற்றர் உயரமும் 600 மீற்றர் நீளமும் கொண்ட அதன் அணை, சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டப்பட்டு 1985 இல் நிறைவெய்தியது. அதன் மின்னிலையத்தின் வலு 201 மெகாவாற்று. நீலமாய் விரிந்து கிடக்கும் அந்நீரின் கீழே வயல்களும், வீடுகளும், விகாரைகளும், பழைய சாலைகளும் உள்ளன. துட்டகைமுனு அரசன் இளமையில் மறைந்து வாழ்ந்ததாக மகாவம்ச மரபு கூறும் கொத்மலை நாடு இதுவே. நூற்றாண்டுகளாக அப்பள்ளத்தாக்கில் நெல் விளைத்த சிங்கள உழவர் பலர், தம் ஊர் நீரில் மூழ்க, மகாவலியின் தாழ்நிலக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். மலையுச்சியிற் கொழுந்தெடுக்கும் தமிழரும், பள்ளத்தாக்கில் ஏர் பிடித்த சிங்களவரும் நதியின் பொருட்டு இழந்தவை உண்டு. இதனை நூலிற் கற்பதற்கும், ஒரே நாளில் இரண்டிடத்தையும் கடந்து கண்ணாற் காண்பதற்கும் வேறுபாடு பெரிது.

மூன்றாம் நாளில் நதியின் குணம் மாறுகின்றது. அணைக்குக் கீழே சில கிலோமீற்றர் தூரத்திற் கொத்மலை ஓயா மகாவலியோடு சேர்கின்றது. காற்றிற் குளிர் நீங்கி வெம்மை ஏறுகின்றது. தேயிலை அருகி, மிளகும் கராம்பும் தென்னையும் பலாவும் சூழ்ந்த வீட்டுத் தோட்டங்கள் பெருகுகின்றன. கம்பளை 14 ஆம் நூற்றாண்டிற் சிங்கள அரசர்களின் தலைநகராயிருந்தது. 19 ஆம் நூற்றாண்டிற் கோப்பி வண்டிகளின் சந்தியாயிற்று. 1873 இற் புகையிரதப் பாதை கம்பளையை அடைந்தது. 1874 இல் நாவலப்பிட்டியையும், 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. கோப்பிக்காகத் தொடங்கிய பாதை, கோப்பி அழிந்தபின் தேயிலையைச் சுமந்தது.

கம்பளையிலிருந்து பேராதனை செல்லும் சாலை பெரும்பாலும் சமமானது. மூன்று நாளும் பிரேக்கையே பற்றியிருந்த கைகள் இங்கே தளரலாம். பேராதனையில், 1821 இல் நிறுவப்பட்ட தாவரவியற் பூங்காவை மகாவலி மூன்று புறமும் வளைத்து ஓடுகின்றது. 1824 இற் சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடி முதன்முதல் நடப்பட்டது இப்பூங்காவில்தான். அப்பொழுது அது ஒரு காட்சிச் செடி மட்டுமே; 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்ட பின்னரே அது தொழிலாயிற்று. அவ்வாறு, தேயிலை முடியும் மலைக்காட்டோரத்தில் தொடங்கிய பயணம், தேயிலை தொடங்கிய இடத்தில் முடிகின்றது.

ஆனால் நீரின் பயணம் இங்கே முடிவதில்லை. கண்டிக்கு அருகே போல்கொல்லையில் 1976 இல் அமைந்த தடுப்பணை மகாவலியை இரு கூறாக்குகின்றது. ஒரு கூறு மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வடக்கே சென்று, வரண்ட பிரதேசத்துப் பழைய குளங்களை நிரப்புகின்றது. மற்றொரு கூறு விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே ஆகிய நீர்த்தேக்கங்களைக் கடந்து, மினிப்பே அணைக்கட்டில் வயல்களுக்குப் பிரிந்து, எஞ்சியது கடலை நோக்கிச் செல்கின்றது. டயகமவில் தேயிலைக்கிடையே ஓடிய நீர் தாழ்நிலத்தில் நெல்லாகின்றது. அந்நெல்லின் அரிசி மீண்டும் மலையேறி லயத்து அடுப்பில் வேகின்றது. மேலேயுள்ளோர் மண்ணைக் காவாவிடின் கீழேயுள்ள தேக்கங்கள் வண்டலால் நிரம்பும். போல்கொல்லைத் தேக்கத்தில் அது ஏற்கெனவே நிகழ்ந்து வருகின்றது. தேயிலைச் சரிவுகளைக் காட்டிலும், கிழங்கும் மரக்கறியும் பயிராகும் வெறுஞ் சரிவுகளிலிருந்து வரும் மண்ணே மிகுதி என்பர் அறிந்தோர்.

மண் ஓடுவது மெதுவான கேடு. மண் சரிவது திடீர்க் கேடு. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா சூறாவளியின் பெருமழையாற் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் பல இடங்களிற் சரிந்தன. நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலைகளும் பாலங்களும் புகையிரதப் பாதைகளும் சிதைந்தன. ஆகவே இவ்வழியே செல்ல எண்ணுவோர் முதலிற் செய்ய வேண்டியது, சாலை திறந்துள்ளதா என்று அவ்விடத்து மக்களிடம் கேட்டறிதல். தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கின்றது. அவற்றுள் எப்படியாயினும் எச்சரிக்கை உள்ள நாளில் மலைச்சாலையிற் புறப்படலாகாது. சாலையிற் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று என்பனவற்றைக் கண்டால் உடனே திரும்பி விடுதல் வேண்டும்.

பயணிக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் உண்டு. சரிவின் கீழேயுள்ள லயத்தில் வாழ்வோருக்கு அதுவே ஊர். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, நீண்ட போராட்டத்தின் பின்னர் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை படிப்படியாக அதனை மீளப் பெற்ற மக்கள் அவர்கள். எனினும், தாம் வாழும் நிலத்துக்கு உறுதி இல்லாதோர் அவர்களிடையே இன்னும் பலர். நிலம் தமதல்லாதபொழுது, ஆபத்தான சரிவை விட்டுப் பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டிக்கொள்ளும் உரிமையும் தம் கையில் இல்லை. நதியின் தலைமாட்டிற் கான் வெட்டி மண்ணைக் காப்போர், அம்மண்ணின்மீது அச்சமின்றி உறங்கும் நிலை வேண்டும் என்பது இந்நதியின் நீரையும் ஒளியையும் பெறும் யாவருக்கும் உரிய அக்கறையாகும்.

வாகனத்தில் இவ்வழியைச் சில மணி நேரத்திற் கடந்துவிடலாம். அப்பொழுது டயகமவும் தலவாக்கலையும் கொத்மலையும் கம்பளையும் தனித்தனி ஊர்களாகவே தோன்றும். மூன்று நாட்கள் மிதித்தும் தள்ளியும் செல்பவருக்கு அவை ஒரே நீரின் நான்கு படிகளாகத் தோன்றும். சந்தியிலும் பாலத்திலும் முன்னே சென்றவர் பின்னே வருபவருக்காகக் காத்திருத்தல் நண்பர் பயணத்தின் ஒழுங்குகளுள் ஒன்று என்று மேலே கூறப்பட்டது. ஒரு நதியின் கரையில் வாழும் மக்களுக்கும் அதுவே பொருந்தும். கீழேயுள்ளோர் மேலேயுள்ளோரையும், மேலேயுள்ளோர் கீழேயுள்ளோரையும் நினைந்து நடத்தலே ஆறு காட்டும் வழி.